பேரில்லாத பட்டன்

உக்காருங்க, உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறனுங்க, போச்சாது, பரவால்லீங்க. தாராபுரமுங்களா? நான் காங்கேயத்துல எறங்கிக்குவனுங்க. அதுக்கப்பறம் நீங்க தாராளமாக் காலை நீட்டிக்கலாம்.

வேலைங்களா? வேலை இப்ப இல்லீங்க. மே மாசம் வரைக்கும் இருந்துச்சு. ஒரு பட்டனுக்காக என்னைய வேலையை உட்டு எடுத்துட்டாங்க. நெசமாத்தானுங்க. சட்டைப் பட்டன் இல்லீங்க. கம்ப்யூட்டர்ல வெப்சைட்டுன்னு இருக்குதில்லீங்க, அதுல இருக்கற பட்டன். பாருங்க, நீங்களும் சிரிக்கறீங்க. யாருகிட்டச் சொன்னாலும் சிரிக்கறாங்க. அதனாலதான் நான் யாருகிட்டயும் சொல்றதே இல்லை.

என்ற பேரு சென்னியப்பன். ஈரோட்டுல ராக்கியண்ணன் அறக்கட்டளைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லீங்களா. சரி. விசைத்தறி போட்டுப் பெரியாளானவரு ராக்கியண்ணன். அவரு பேர்ல மகன் ஆரம்பிச்சது. நாங்க அந்த மகனைத் தலைவர்னு கூப்பிடுவமுங்க. கை காலு ஊனமானவியளுக்கு... அப்படிச் சொல்லக்கூடாதுங்க இப்ப, மாற்றுத்திறனாளிங்க. அவியளுக்கு மூணு சக்கர வண்டி, காது மிசின், படிக்கிற புள்ளைங்களுக்குப் பீஸு. அங்க பத்தொம்பது வருசம் நான் மேனேஜர். மேனேஜர்னா, நாந்தான் மேனேஜர், நாந்தான் கிளார்க்கு. தலைவர் வர்றாருன்னா முன்னாடியே போய் ஏசியைப் போட்டு வெக்கறதும் நாந்தான்.

ஊட்ல யாருமில்லீங்க. என்ற சம்சாரம் பொள்ளாச்சியில அவ அண்ணன் ஊட்ல இருக்கறா. ஒரு மாசம் இருந்துட்டு வர்றேன்னு போனா. பதினோரு வருசமாச்சு. சண்டை கிண்டையெல்லாம் ஒன்னுமில்லீங்க. வருவா.

அது கெடக்கட்டும். நாலு வருசத்துக்கு முன்னால தலைவர், இனி எல்லாம் வெப்சைட்லதான்னு சொல்லிட்டாரு. விண்ணப்பம், சான்றிதழ் எல்லாம் அதுலதான் போடோணும். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்காரரு பண்ணிக் குடுத்தாரு. நொம்ப அழகா இருக்குமுங்க. திறந்தீங்கன்னா தலைவர் படம் ஒன்னு மாத்தி ஒன்னு ஓடும். எனக்கு நொம்ப வசதி. முன்னெல்லாம் பொழுதன்னிக்கும் யாராச்சும் ஆபீசுக்கு வந்து உக்காந்திருப்பாங்க, கதை சொல்லுவாங்க, அழுவாங்க. வெப்சைட் வந்ததுக்கப்பறம் ஒருத்தரும் வர்றதில்லை. சுத்தமா இருந்துச்சு ஆபீசு. நாற்காலியெல்லாம் தொடைச்சு வெச்சா தொடைச்சபடியே இருக்கும்.

வருசா வருசம் அறிக்கை எழுதறதும் நாந்தான். மூணு வருசமா அதுல ஒரு வரி வருமுங்க. ‘பார்வையற்றோர் பிரிவில் விண்ணப்பங்கள் ஏதும் வரவில்லை.’ தலைவர் படிச்சுட்டு, ‘நம்ம பக்கம் கண்ணு தெரியாதவிய கொறைஞ்சுட்டாங்க போல, நல்ல விசயந்தான்’னாரு. நானும் ஆமாங்கன்னேன்.

இந்த ஜனவரியில பொங்கல் லீவு முடிஞ்சு ஆபீசு தொறந்த அன்னிக்குங்க. பொழுதோட நாலு மணிக்கு ஒரு போன். பொம்பளைக் குரலு.

“ராக்கியண்ணன் அறக்கட்டளைங்களா? நான் தாராபுரத்துல இருந்து வசந்தாமணி பேசறனுங்க. எனக்குக் கண்ணு தெரியாதுங்க. உங்க வெப்சைட்ல ஏதோ ஒரு படம் இருக்குதாமா, அதுல கோணல்மாணலா எழுத்து இருக்குதாமா. அதைப் பாத்து எழுதுனாத்தான் உள்ளயே உடுமாமா. நாங்க எப்படிங்க எழுதறது?”

நான் நல்லவிதமாத்தான் சொன்னனுங்க. “கண்ணு தெரிஞ்சவிய ஆராச்சும் பக்கத்துல இருந்தா பாத்துச் சொல்லச் சொல்லுங்க அம்மணி”ன்னேன்.

 அதுக்கு அவிய கேட்டாங்க.

“கண்ணு தெரிஞ்சவிய எந்நேரமும் பக்கத்துல இருந்தா நாங்க எதுக்குங்க சார் உங்ககிட்ட வர்றோம்?”

கோவமா இல்லீங்க. சந்தேகம் கேக்கற மாதிரி கேட்டாங்க. நான் அவிய நம்பரைக் குறிச்சுட்டு, தலைவர்கிட்டக் கேட்டுச் சொல்றனுங்கன்னேன். 

அவிய ஒரு கூட்டுறவு வங்கியில போன் எடுத்து இணைப்புக் குடுக்கற வேலை பாக்கறாங்க. வயசு நாப்பத்தொன்னு. கண்ணு தெரியாதவிய நாப்பது பேரு சேந்து ஒரு சங்கம் வெச்சிருக்காங்க, அதுக்கு இவியதான் செயலாளரு. நாப்பது பேருங்க! தாராபுரம், காங்கேயம், மூலனூர் மட்டும். நான் அறிக்கையில எழுதுனதை அவியகிட்டச் சொல்லலை.

தலைவர்கிட்டச் சொன்னேன். அவரு உடனே கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்லிட்டாரு. அந்த வகையில நல்ல மனுசந்தான். கம்பெனிக்காரரு கோணல் எழுத்தை எடுத்துட்டாரு. ஆனா அது மட்டும் இல்லையாமுங்க. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால அது என்ன படம்னு ஒரு வரி எழுதி வெக்கோணுமாம். ஒவ்வொரு பட்டனுக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பேரு வெக்கோணுமாம். அப்பத்தான் அவிய கம்ப்யூட்டரு அதை வாசிச்சுச் சொல்லும். ‘எழுதறது உங்க வேலைங்க சார்’னு எனக்கு வெப்சைட்டுக்குள்ள போயி எழுதறதுக்கு ஒரு வழி போட்டுக் குடுத்துட்டு அவரு போயிட்டாரு. எரநூத்திப் பதினாலு படம். நான் எழுதோணும். சரியா இருக்குதான்னு வசந்தாமணி கேட்டுச் சொல்லோணும். தெனமும் வேலை முடிஞ்சு நாலு மணிக்குக் கூப்பிடறேன்னாங்க.

மொத நாளு அவிய போனைக் கம்ப்யூட்டரு பக்கத்துல வெச்சு, “நாங்க கேக்கறதை நீங்களும் கேளுங்க சார்”னாங்க. ஒரு மிசின் குரலுங்க, மூச்சு உடாம. ‘கிராஃபிக். கிராஃபிக். லிங்க். கிராஃபிக். பட்டன். பட்டன். கிராஃபிக்.’ அவ்வளவுதான். நாலு வருசமா நான் அழகு அழகுன்னு சொல்லிட்டு இருந்தது அவியளுக்கு அப்படித்தான் கேட்டிருக்குது. இருட்டு ரூம்புல ஒருத்தன் செவுத்தைத் தட்டிட்டே போற மாதிரி.

மொதப் படத்துக்கு நான் எழுதுனேன். ‘தலைவர் அவர்கள் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு மூன்று சக்கர வண்டி வழங்குகிறார்.’

“ஆளு எப்படிங்க இருக்காரு?”ன்னு கேட்டாங்க.

“தலைவருங்களா? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை...”

“இல்லீங்க சார். வண்டி வாங்கறவரு.”

பாத்தனுங்க. அந்தப் படத்தை ஆயிரம் தாட்டி பாத்திருப்பேன். அன்னிக்குத்தான் அந்த ஆளைப் பாத்தேன். நாப்பது வயசு இருக்கும். அவரு கேமராவைப் பாக்கலைங்க. குனிஞ்சு வண்டியோட பிரேக்கைப் பாத்துட்டு இருக்காரு. கையில புடிச்சு அமுக்கிப் பாக்கறாரு. ஓரத்துல இருந்து ஒரு கை நீண்டு அவரு தாவாக்கட்டையைப் புடிச்சுக் கேமராப் பக்கம் திருப்புது. கை மட்டுந்தான் தெரியுது, ஆளு தெரியலை. அதை அப்படியே சொன்னேன்.

“அந்தக் கை ஆரோடதுங்க?”ன்னாங்க.

“தெரியலீங்க”ன்னேன்.

என்ற கைதானுங்க. படத்துல என்ற வாட்சு தெரிஞ்சுதில்லீங்க. போட்டோக்காரரு அவசரப்பட்டாரு, நானென்ன பண்றது? ‘பயனாளி வண்டியின் பிரேக்கை ஆர்வமுடன் பார்க்கிறார்’னு எழுதிட்டேன். கையை உட்டுட்டேன்.

இப்படியே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு. ஒரு நாளைக்கு அஞ்சு படம், ஆறு படம். நடுவுல கட்டம், பட்டன். ‘சிவப்பு நட்சத்திரம் உள்ளவை கட்டாயம்’னு போட்டிருந்தோம். “சிவப்புன்னா எங்களுக்கு எப்படிங்க சார்?”னு சிரிச்சாங்க. ‘கட்டாயம்’னே எழுதுனேன். கண்ணு தெரியாதவியளுக்கு மட்டும் பாக்காதீங்க, காது கேக்காதவியளும் வருவாங்கன்னாங்க. தலைவர் பேசுன வீடியோவுக்கு அடியில ஓடற எழுத்தை நானே உக்காந்து எழுதுனேன். பன்னண்டு நிமிசம் பேசியிருக்காருங்க. எழுதிப் பாத்தாத்தான் தெரியுது, ஒன்னுமே சொல்லலை. அதைச் சொன்னதுக்கு அவிய சிரிச்ச சிரிப்பு இருக்குதே, போனு அதிர்ந்துச்சு. நான் சொன்னதுக்கு ஒருத்தர் சிரிச்சு எத்தனை வருசமாச்சுன்னு அன்னிக்கு ஊட்டுக்குப் போற வழியெல்லாம் கணக்குப் போட்டுட்டே போனேன்.

வேலைப் பேச்சுதானுங்க. வேற ஒன்னும் தப்பா நெனைச்சுறாதீங்க. நடுவுல, “சாப்புட்டீங்களா சார்?”னு கேப்பாங்க. “என்ன சாப்பாடு?”ன்னு கேப்பாங்க. நான் தக்காளிச் சோறுன்னா, “நேத்தும் அதானே?”ம்பாங்க. ஞாபகம் வெச்சிருக்காங்க பாருங்க. நான் நேத்து என்ன தின்னேன்னு ஒலகத்துல அவியளுக்கு மட்டுந்தான் தெரியும். நாலு மணிக்கு எதுத்த கடைக்கு டீ குடிக்கப் போறதையே உட்டுட்டேன். காதுல மாட்டிட்டுப் பேசற மிசின் ஒன்னு வாங்குனேன், ரெண்டு கையும் டைப் அடிக்கத் தோதா. தலைவர் நாலு மணிக்குக் கூட்டம் போட்டா கடியாரத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்.

மார்ச்சு கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை. எரநூத்திப் பதினாலாவது படம். பழைய ஆபீசுத் தெறப்பு விழா. எழுதிக் குடுத்தேன், கேட்டாங்க.

“முடிஞ்சுதுங்க சார். மொத பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் நானே தனியாப் போயிட்டு வந்துட்டனுங்க. இனி எங்க ஆளுங்க ஆரும் உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை. ஒருத்தர் கையையும் எதிர்பாக்காம அவியளே போட்டுக்குவாங்க. நொம்ப நன்றிங்க சார்.”

அழுதாங்கன்னு நெனைக்கறேன். சந்தோசத்துல. நானும் சந்தோசமுங்கன்னேன். வெச்சுட்டாங்க.

திங்கக்கெழமை நாலு மணிக்குப் போன் வல்லை. வராதுன்னு தெரியுமுங்க. ஆனாலும் காதுல மாட்டிட்டு உக்காந்திருந்தேன். செவ்வாக்கெழமையும் அப்படித்தான். அவிய நம்பரு என்கிட்ட இருக்குது. ஆனா என்னன்னு சொல்லிக் கூப்பிடறது? ஒரு வேலை வேணுமில்லீங்களா?

சித்திரை ஒன்னாந்தேதி லீவுங்க. ஊட்லயே இருந்தேன். ஒரு போன் வந்துச்சு, ஏதோ லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு. வேண்டாம்னுட்டு, “நீங்க பண்டிகைக்கு ஊருக்குப் போகலையா அம்மணி?”ன்னு கேட்டேன். அது வெச்சுருச்சு.

மறுநாளு ஆபீசு போனேன். ஏப்ரல் பத்துல இருந்து முப்பது வரைக்கும் விண்ணப்பம் போடற காலம். கோயமுத்தூர்ல ஆறு மாசக் கம்ப்யூட்டரு பயிற்சி, ஆஸ்டல்ல தங்கிப் படிக்கிறது, பன்னண்டு பேருக்கு மொத்தச் செலவும் அறக்கட்டளை குடுக்கும். விண்ணப்பமெல்லாம் வந்துட்டுத்தான் இருந்துச்சு. கண்ணு தெரியாதவிய மூணு பேரு போட்டிருந்தாங்க. நான் உள்ள போயி, கடைசியில ‘அனுப்பு’ன்னு ஒரு பட்டன் இருக்குது பாருங்க, அதோட பேரை மட்டும் எடுத்துட்டேன். ஒரே ஒரு பட்டனுங்க. பட்டன் அங்கயேதான் இருந்துச்சு. கண்ணால பாக்கறவியளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பேரை மட்டுந்தான் எடுத்தேன்.

ரெண்டு நாள்ல கூப்பிட்டுட்டாங்க! சரியா நாலு மணி.

“சார், நல்லா இருக்கீங்களா? கடைசிப் பட்டன் பேரில்லாம வெறும் பட்டன்னு சொல்லுதுங்க. எப்படிங்க?”

“அப்படீங்களா? கம்பெனிக்காரரு ஏதாச்சும் பண்ணியிருப்பாரு அம்மணி. நான் பாக்கறேன்.”

“சரிங்க சார். எங்க ஆளு ஒருத்தரு கடைசிப் பட்டன்னா அனுப்பறதாத்தான் இருக்கும்னு அமுக்கிட்டாரு, போயிருச்சு. ஒன்னும் கெட்டுப் போகலை.”

பாத்தீங்களா, ஒன்னும் கெட்டுப் போகலை. அவியளே சொன்னாங்க. அன்னிக்கு நாப்பது நிமிசம் பேசுனோம். அவிய பக்கத்து ஊட்டு நாயி குட்டி போட்டது வரைக்கும் சொன்னாங்க. போனை வெச்சதும் பேரை மறுபடி போட்டுட்டேன். ஒரு நிமிச வேலை.

அத்தோட உட்டிருக்கோணும். தெரியுதுங்க, இப்பத் தெரியுது.

இருபத்திரெண்டாந்தேதி மறுபடி பண்ணுனேன். போன தாட்டி ஒரு பட்டன்தானே, அவியளே கண்டுபுடிச்சுட்டாங்க. இந்தத் தாட்டி சான்றிதழ் ஏத்தற பக்கத்துல. நான் ஒரு பட்டனுக்காக எடுத்துட்டாங்கன்னு சொன்னேனில்லீங்க. நாலு பட்டனுங்க. சரி, நாலு. ஏத்தறது, பின்னால போறது, முன்னால போறது. நாலாவது, அதுவரைக்கும் எழுதுனது எல்லாத்தையும் அழிக்கிறது. நாலுக்கும் பேரை எடுத்துட்டேன்.

அவிய கூப்பிடலை. இருபத்தி மூணு, இருபத்தி நாலு. அவிய ஆளுங்க எல்லாரும் போட்டு முடிச்சுட்டாங்க போல, அதான் ஒருத்தருக்கும் தெரியலைன்னு நெனைச்சேன். இருபத்தெட்டு, இருபத்தொம்பது. நாளைக்குக் கூப்பிடுவாங்க, கூப்பிட்டதும் பேரைப் போட்டரலாம்னு இருந்தேன். அப்பறந்தானுங்க தெரிஞ்சுது, அவியளுக்கு டெங்குக் காய்ச்சல். ஆசுபத்திரியில படுத்திருந்திருக்காங்க. எனக்கு ஆரு சொன்னா?

முப்பதாந்தேதி கடைசி நாளு. மூணே முக்காலுக்கே காதுல மாட்டிட்டு உக்காந்துட்டேன். நாலு மணிக்குப் போன் அடிச்சுது. பாத்தா வேற நம்பரு. நான் எடுக்கலீங்க. அவிய கூப்பிடற நேரத்துல வேற ஆருகிட்டயோ பேசிட்டு இருந்தா அவியளுக்கு லைன் கெடைக்காதில்ல. மறுபடி அடிச்சுது. அதே நம்பரு. அஞ்சு மணிக்குள்ள ஆறு தாட்டி. ஒரு தாட்டியும் எடுக்கலை.

அஞ்சு மணிக்கு எனக்குக் கோவம் வந்துருச்சு. ஆரு மேலன்னு கேட்டீங்கன்னா, அவிய மேலதான். மூணு மாசம் எரநூத்திப் பதினாலு படம் எழுதியிருக்கேன், கடைசி நாளு எப்படிப் போச்சுங்க சார்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? கம்ப்யூட்டரை அமத்திட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். பட்டன் பேரை மறுநாள் காத்தாலதான் போட்டேன். அதுக்குள்ள விண்ணப்பம் மூடியாச்சு.

அந்த நம்பரு ஆரோடதுன்னு கேக்கறீங்களா? காங்கேயத்துல மோனிஷான்னு ஒரு புள்ளைங்க. இருபது வயசு. பொறவியில இருந்தே கண்ணு தெரியாது. அப்பா எண்ணெய் மில்லுல மூட்டை தூக்கறாரு. காலேசு பரீச்சை முடிஞ்சு கடைசி ரெண்டு நாள்லதான் அந்தப் புள்ள விண்ணப்பம் போட உக்காந்திருக்குது. இருபத்தாறு கட்டமுங்க அந்த விண்ணப்பத்துல. பேரு, ஊரு, ஆதாரு, மார்க்கு எல்லாம் அடிச்சுட்டுச் சான்றிதழ் பக்கத்துக்கு வந்தா, ‘பட்டன், பட்டன், பட்டன், பட்டன்.’ ஏதோ ஒன்னை அமுக்கும். எல்லாம் அழிஞ்சு போயிரும். மறுபடி மொதல்ல இருந்து. பதினோரு தாட்டி பண்ணியிருக்குது. பதினோரு தாட்டிங்க. எல்லாத்துக்கும் பதிவு இருக்குது, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, எங்க நின்னுச்சு, எல்லாம்.

வசந்தாமணி ஆசுபத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்ததும் அந்தப் புள்ள சொல்லியிருக்குது. அவிய என்ன பண்ணியிருக்கோணும்? எனக்கொரு போன் பண்ணியிருக்கோணுமில்ல? நேராத் தலைவருக்குப் பண்ணிட்டாங்க. மூணு மாசம் தெனமும் பேசுன ஆளு நானு. ‘ஏனுங்க சார், இப்படி ஆயிப்போச்சே’ன்னு ஒரு வார்த்தை என்கிட்ட... சரி உடுங்க.

கம்பெனிக்காரரு பதிவை எடுத்து அனுப்பிட்டாரு. எந்தப் பட்டனு, எந்தத் தேதி, ஆரு எடுத்தது. என்ற பேரு இருந்துச்சு. தலைவர் அந்தத் தாளை மேசை மேல வெச்சுட்டு என்னையே பாத்தாரு.

“ஏன் சென்னியப்பா?”

“கை பட்டுருச்சுங்க.”

“ரெண்டு தாட்டியுமா?”

நான் அந்தத் தாளையே பாத்துட்டு நின்னேன்.

“உனக்கு அந்தப் புள்ளை மேல என்ன பகை?”ன்னாரு.

பகையா! எனக்கு அந்தப் புள்ளை ஆருன்னே தெரியாதுங்க. அதைத்தான் சொன்னேன். தெரியாதுங்கன்னு. அவரு தலையை ஆட்டிட்டு, “நாளையில இருந்து வர வேண்டாம்”னாரு. அவ்வளவுதான். பத்தொம்பது வருசம்.

பயிற்சிக்குப் பன்னண்டு எடமும் நெறைஞ்சு, ஜூன் மொதத் தேதி புள்ளைங்க ஆஸ்டலுக்குப் போயிருச்சு. மோனிஷாவுக்கு அடுத்த வருசம் மொத எடம் குடுக்கறோம்னு தலைவர் கடுதாசி போட்டிருக்காரு. ஆனா அவிய அப்பன், இந்த வருசம்னா அனுப்பறேன்னு சொன்னவரு, இப்ப இனி படிச்சது போதும் ஊட்லயே இருன்னுட்டாராமுங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுங்கறீங்களா? வசந்தாமணிதான் சொன்னாங்க. நான் கூப்பிட்டேன். வேலை போயி மூணு வாரம் கழிச்சு, ஒரு நாள் நாலு மணிக்கு என்ற வெரலு அதுவாவே நம்பரைப் போட்டுருச்சு. எடுத்தாங்க. நான் பேசலை. 

“சென்னியப்பன் சாருங்களா?”ன்னாங்க.

மூச்சு உட்டதுலயே கண்டுபுடிச்சுட்டாங்க. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. ஏன்னு தெரியலை. கொஞ்ச நேரம் அழுவட்டும்னு உட்டுட்டாங்க. அப்பறம் சொன்னாங்க.

“மொதத் தாட்டியே எனக்குத் தெரியுங்க சார், நீங்கதான்னு. தானாக் கெட்டிருந்தா பக்கம் பூராக் கெட்டிருக்கும். ஒரே ஒரு பட்டன்ல பேரை மட்டும் எடுத்திருந்துச்சு. கையால பண்ணுனதுங்க அது. தெரிஞ்சும் நான் ஒன்னும் கேக்கலை. பேசிட்டு இருந்தேன். எனக்கும் அந்த நேரத்துல பேசறதுக்கு ஆரும் இல்லீங்க சார். அன்னிக்கே கேட்டிருந்தா அந்தப் புள்ளைக்கு இப்படி ஆகியிருக்காது. அது என்ற தப்பு.”

அவிய மேல என்னங்க தப்பு? நான் அதைச் சொன்னேன். அதுக்கு அவிய சொன்னாங்க:

“நீங்க சும்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, நான் தெனமும் கூப்பிட்டிருப்பனே சார். எதுக்குங்க பட்டனை எடுத்தீங்க?”

அதைத்தானுங்க நானும் ரெண்டு மாசமா யோசிக்கறேன். சும்மா எப்படிங்க கேக்கறது? ஒரு காரணமும் இல்லாம ஒருத்தரைக் கூப்பிட்டு, என்கிட்டப் பேசுங்கன்னு எப்படிக் கேக்கறது? நீங்க கேப்பீங்களா? பொள்ளாச்சிக்கே நான் ஒரு தாட்டியும் வான்னு கூப்பிட்டதில்லீங்க. அவளே வருவான்னுதான் இருந்தேன்.

கடைசியா, “அந்தப் புள்ளைகிட்டப் போயிச் சொல்லுங்க சார். போன்ல வேண்டாம், நேர்ல போங்க. அது அப்பறம் என்ன சொல்லுதோ சொல்லட்டும்”னாங்க. அதுக்கப்பறம் என்னைக் கூப்பிடுவீங்களான்னு கேட்டேன்.  “மொதல்ல போயிட்டு வாங்க”ன்னாங்க.

போன புதன்கெழமை போனனுங்க. இதே பஸ்சுதான். சிவன்மலை ரோட்டுல வரிசையா ஓட்டு ஊடு, அதுல கடைசி. பகல் நேரம். கதவு தொறந்திருந்துச்சு. வாசல்ல நின்னேன். என்ற செருப்புச் சத்தம் கேட்டு அந்தப் புள்ள எந்திரிச்சு வந்துச்சு. பச்சைத் தாவணி. மெலிஞ்ச ஒடம்பு. மூஞ்சியைக் கொஞ்சம் சாய்ச்சு, என்ற பக்கமே திருப்பிட்டு நின்னுச்சு.

“ஆருங்க?”

நான் பேசலீங்க.

“ஆரோ நிக்கறீங்க. அப்பா மில்லுக்குப் போயிருக்காருங்க. சொல்லுங்க, ஆரு?”

என்ன சொல்லோணும்னு பஸ்சுல வரும்போது நூறு தாட்டி சொல்லிப் பாத்ததுதான். ஒன்னும் வல்லை. மூச்சைப் புடிச்சுட்டு அப்படியே நின்னேன். அது கையெட்டற தூரத்துல நிக்குது. நான் அது மூஞ்சியை நல்லாப் பாக்கறேன். அது என்னையப் பாக்க முடியாதுன்னு தெரிஞ்சுதானே நின்னேன், அதுதானுங்க எனக்கு இன்னும் நெஞ்சுல குத்துது. கண்ணு தெரிஞ்ச புள்ளையா இருந்தா நான் அப்படி நின்னிருப்பனா? அப்பறம் ஓசைப்படாமத் திரும்பி நடந்தேன்.

ரெண்டு எட்டு வெச்சிருப்பேன். பின்னால இருந்து சத்தம் குடுத்துச்சு.

“பாத்துப் போங்க. எறங்கற எடத்துல கல்லு பேந்து கெடக்குது. புதுசா வர்றவிய எல்லாரும் அதுல தடுக்கிக்குவாங்க.”

எனக்குக் கால் தடுக்கலீங்க. அது சொன்னதால தடுக்கலை.

அன்னைக்கு இருந்து சோறு எறங்கலை. அதான் இன்னிக்கு மறுபடி கெளம்பி வந்தேன். இன்னிக்குச் சொல்லிரோணும். கம்பெனிக்காரரு மேல போடாம, கை பட்டுருச்சுன்னு சொல்லாம, நாந்தான் எடுத்தேன்னு சொல்லோணும். ஆறு தாட்டி போன் அடிச்சது என்ற காதுல உழுந்துச்சு, எடுக்கலைன்னும் சொல்லோணும். அவிய அப்பா வர்ற வரைக்கும் இருந்து அவருகிட்டயும் சொல்லி, அடுத்த வருசம் அந்தப் புள்ளையை அனுப்பச் சொல்லிக் கேக்கோணும். அடிச்சாலும் வாங்கிக்கறது. மூட்டை தூக்கற கை, பலமாத்தான் இருக்கும்.

நத்தக்காடையூர் தாண்டிருச்சுங்களா? அப்ப வந்துருச்சு. நான் எந்திரிக்கோணும்.

ஏனுங்க... ஒன்னு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? நீங்க தாராபுரத்துல ஏதாச்சும் அவசர வேலையாப் போறீங்களா? அரை மணிக்கு ஒரு பஸ்சு இருக்குதுங்க தாராபுரத்துக்கு. அந்த ஊடு பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்து நிமிச நடை. நீங்க ஒன்னும் பேச வேண்டியதில்லை. பக்கத்துல சும்மா நின்னாப் போதும். எனக்குத் தனியாப் போக முடியலீங்க.

இல்லீங்களா. கல்யாணத்துக்குப் போறீங்களா. ஆமாங்க, முகூர்த்தத்துக்கு நேரமாயிரும். பரவால்லீங்க, பரவால்லீங்க. நீங்க ஏனுங்க சங்கடப்படறீங்க? கேட்டதே எனக்குப் பெருசு. இந்த வயசுக்கு ஒருத்தர்கிட்ட இப்படிக் கேக்கறது இதுதான் மொதத் தாட்டி. கேட்டு, இல்லைன்னு சொல்லியும் ஒன்னும் ஆகலை பாருங்க.

காலை நீட்டிக்கங்க. வர்றனுங்க.